ஆயத்தம் போதாமல் வரும் மாணவர்களுக்குக் கல்லூரி அறிவியல் கற்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள கல்லூரிகளில் ஃபவுண்டேஷன், டிப்ளோமா வகுப்புகளின் முதலாண்டுக்கு அறிவியல் கற்பிக்கும் தமிழ் விரிவுரையாளர்களும், அதே மாணவர்களுக்கு மாலையில் டியூஷன் எடுக்கும் ஆசிரியர்களும், பெற்றோர் சிலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடையளித்திருக்கிறேன். நான் இயற்பியலும் வேதியியலும் கற்பிப்பவன் என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்த இரண்டிலிருந்தே வருகின்றன. உயிரியல் ஆசிரியர்களுக்கும் அவை பயன்படும் என்று நம்புகிறேன்.

ஆயத்தம் போதாத மாணவர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

நுழைவுத் தகுதியைப் பெற்றிருந்தும், முதல் வாரப் பாடம் தமக்குத் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளும் செய்திகளும் பழக்கங்களும் இன்னும் கைவராத மாணவரைச் சொல்கிறேன். ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் மூன்று பாடங்களில் கிரெடிட் எனப்படும் நல்ல தேர்ச்சி இருந்தால் டிப்ளோமாவிலும் ஐந்து கிரெடிட் இருந்தால் ஃபவுண்டேஷனிலும் சேரலாம் என்பதே பொதுவான குறைந்தபட்ச விதி. ஆனால் கூடுதல் கணிதம் படித்து வந்த மாணவரும், அதைத் தொடாமலே வந்தவரும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் படிப்புக்குத் திரும்பியவரும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்கிறார்கள். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது தொடக்கப்பள்ளியிலோ கீழ்ப்படிவங்களிலோ இருந்தவர்கள்தாம் இப்போது நம்மிடம் வருகிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது; பின்னமும் விகிதமும் உறுதிப்பட வேண்டிய மாதங்களில் கைப்பேசித் திரையை மட்டும் பார்த்துக் கற்றவர்கள் அவர்களில் பலர். இவர்களின் அறிவுத்திறனைப் பற்றி இந்தச் சொல் எதையும் கூறவில்லை; எங்கிருந்து தொடங்குகிறார்கள் என்பதை மட்டுமே கூறுகிறது.

‘அடிப்படை இல்லை’ என்கிறோமே, உண்மையில் எது இல்லை?

இந்தக் கேள்விக்குத் துல்லியமான விடை தேடாமல் விட்டுவிடுவதுதான் நம் தொழிலின் பெரிய குறை என்று கருதுகிறேன். ‘அடிப்படை இல்லை’ என்று சொன்னால் என்ன செய்வது என்று எவருக்கும் தெரியாது. ‘விகித முறையில் சிந்திக்கப் பழகவில்லை’ என்று சொன்னால் நாளை காலை வகுப்பில் என்ன செய்வது என்று உடனே தெரியும்.

என் அனுபவத்தில் முதலிடம் விகிதத்திற்குத்தான். ஒரு கனசதுரத்தின் பக்கத்தை இரு மடங்காக்கினால் அதன் மேற்பரப்பு நான்கு மடங்கும் கனஅளவு எட்டு மடங்கும் ஆகும் என்பதை வாய்பாடாக ஒப்பிக்கும் மாணவர்கூட, ‘அப்படியானால் சிறிய செல்லுக்குப் பெரிய செல்லைவிட உணவு உட்புகுவது ஏன் எளிது?’ என்று கேட்டால் திகைத்துவிடுகிறார். அடர்த்தி, செறிவு, வேகம், மின்தடை, வளர்சிதை மாற்ற வீதம் எல்லாமே ஓர் அளவை இன்னோர் அளவால் வகுத்துப் பெறுபவை. வகுத்து வரும் எண்ணுக்குப் பொருள் சொல்லத் தெரியாதவருக்கு முதலாண்டு அறிவியல் முழுவதும் தொடர்பற்ற சூத்திரங்களின் குவியலாகத்தான் தெரியும். அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்தலைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஆர்னல்ட் ஆரன்ஸ் இந்த விகிதச் சிந்தனையைத்தான் மாணவர் தடுமாறும் முதன்மையான இடமாகக் காட்டினார். ஒரு கிராம் பொருளுக்கு இத்தனை கன சென்டிமீட்டர், ஒரு விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று ஒவ்வொரு வகுத்தலையும் மாணவர் தம் சொந்தச் சொற்களில் சொல்லிப் பழக வேண்டும் என்றும், ஒருமுறை செய்துவிட்டு நிறுத்தாமல் பருவம் முழுதும் வெவ்வேறு பாடங்களில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

அடுத்து வருவது சமன்பாட்டைத் திருப்பி அமைத்தல். விசை, பொருண்மை, முடுக்கம் மூன்றையும் இணைக்கும் சமன்பாட்டில் விசையைக் கேட்டால் விடை வருகிறது. பொருண்மையைக் கேட்டால் முக்கோணம் வரைந்து கையால் மறைத்துப் பார்க்கிறார்கள். மூன்று எழுத்துகள் இருக்கும்வரை அந்த உத்தி உதவும். நான்காவது எழுத்து வந்ததும் கைவிட்டுவிடும். அலகு மாற்றம், வரைபடத்தின் சாய்வைப் படித்தல், மடக்கை (லாகரிதம்) ஆகியவையும் இதே வரிசையில் அடங்கும். பி.எச். அளவு 7இலிருந்து 5க்கு இறங்கினால் அமிலத்தன்மை நூறு மடங்கு கூடுகிறது என்பதை ‘இரண்டு குறைந்தது’ என்று படிக்கும் மாணவருக்கு வேதியியல் தெரியாமல் இல்லை, மடக்கை தெரியவில்லை.

முதல் வாரத்திலேயே இதைக் கண்டறிய என்ன வழி?

மதிப்பெண் இல்லாத சிறிய சோதனை ஒன்றை நடத்துங்கள். கேள்விகள் பத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு விடைக்கும் கீழே காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். விடையைவிடக் காரணமே உங்களுக்குத் தேவைப்படுவது.

நான் விரும்பிக் கேட்கும் கேள்வி பினாங்குப் பாலத்தைப் பற்றியது. பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர். ஒருவர் முதல் பாதித் தொலைவை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலும் மறு பாதியை 80 கிலோமீட்டர் வேகத்திலும் கடந்தால் சராசரி வேகம் என்ன? மணிக்கு 60 என்ற விடை நிறைய வரும். சரியான விடை ஏறக்குறைய 53, ஏனென்றால் மெதுவாகச் சென்ற பாதியில் இரு மடங்கு நேரம் கழிந்திருக்கிறது. 60 என்று எழுதியவர் கூட்டலில் தவறவில்லை. சராசரியை நேரத்தோடு இணைக்கத் தவறியிருக்கிறார். இன்னொரு கேள்வி: கொதிக்கும் நீரில் எழும் குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது? காற்று என்றும், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றும் விடைகள் வரும். நீராவி என்று சரியாக எழுதியவர்களிடமும், பினாங்கு மலையின் 833 மீட்டர் உயர உச்சியில் அதே நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 97 டிகிரி செல்சியஸ் என்பது விடை. அதற்கான காரணத்தைக் காற்றழுத்தத்தோடு சேர்த்துச் சொல்பவர்கள் யார் என்பது உங்களுக்கு அன்றே தெரிந்துவிடும்.

இயற்பியலில் இத்தகைய சோதனைக்கு 1992இல் ஹெஸ்டனீஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹாமர் ஆகிய மூவர் வெளியிட்ட ‘விசைக் கருத்துப் பட்டியல்’ என்ற வினாத்தொகுப்பு உலகெங்கும் பயன்பட்டு வருகிறது. கணக்கு எதுவுமே இல்லாத அந்தக் கேள்விகளில், கணக்குகளை நன்றாகப் போடும் மாணவர்களும் சறுக்குகிறார்கள்.

மாணவர் நிலைக்கு ஏற்பப் பாடத்தைச் சுருக்கி, எளிய கேள்விகளை மட்டும் கொடுக்கலாமா?

கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அன்பினால் செய்யப்படும் இந்தச் சுருக்கம் மாணவருக்கு இழைக்கும் தீங்கு, அடுத்த ஆண்டு அவர் வேறொரு விரிவுரையாளரின் வகுப்பில் அமரும்போதுதான் வெளியே தெரியும்.

இதற்கு வலுவான சான்றாக அமைவது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் 1970களின் இறுதியில் செய்த பணி. நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஆர்வக்குறைவு, குடும்பச்சூழல், வருமானம், பள்ளி ஆயத்தம் என்று ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ட்ரைஸ்மன் மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அவர்களோடு இருந்தே கவனித்தார். சொல்லப்பட்ட காரணங்கள் எவையும் சரியாகப் பொருந்தவில்லை. நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்கள் தனியே கணக்குகளைப் போட்டுப் பார்த்தபின் ஒன்றுகூடி விடைகளை ஒப்பிட்டார்கள், ஒருவர் பிழையை ஒருவர் திருத்தினார்கள். கறுப்பின மாணவர்கள் விடாமுயற்சியோடு, ஆனால் தனியாகவே படித்தார்கள். அவர் தொடங்கிய பயிலரங்கு பின்தங்கியோருக்கான பழுது பார்க்கும் வகுப்பாக அமையவில்லை. வழக்கமான வகுப்பில் தருவதைவிடக் கடினமான கணக்குகளைச் சிறு குழுக்களாகச் சேர்ந்து தீர்க்கும் இடமாக அது இருந்தது. அங்கே வந்த மாணவர்களில் தோல்வி பெரிதும் குறைந்தது.

நம் தமிழ் மாணவர்களுக்கு இதில் நேரடியான செய்தி இருக்கிறது என்று நினைக்கிறேன். எஸ்.பி.எம். வரை டியூஷன் ஆசிரியர் போட்டுக் காட்டிய கணக்கை வீட்டில் தனியே திரும்ப எழுதுவதே படிப்பு என்று பழகியவர்கள், கல்லூரியிலும் அதையே செய்கிறார்கள். கடினமான கணக்கைக் கொடுங்கள். அதோடு கூடிப் பேச ஒரு மேசையையும் ஒரு மணி நேரத்தையும் கொடுங்கள்.

முதலில் ஒரு பருவம் அடிப்படைக் கணிதம் மட்டும் நடத்திவிட்டு, பிறகு அறிவியலைத் தொடங்கினால் என்ன?

நியாயமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு பெரிய அளவில் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் இருவாண்டுக் கல்லூரிகளில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த இத்தகைய முன்பாடங்களில் சேர்ந்த மாணவர்களில் பலர், உண்மையான பாடத்தை அடையும் முன்பே படிப்பை விட்டார்கள். டென்னசி மாநிலம் 2015இல் முன்பாடத்தை நீக்கி, மாணவரை நேராகக் கல்லூரிப் பாடத்தில் சேர்த்து, அதே பருவத்தில் துணை வகுப்பையும் இணைத்தது. கலிபோர்னியா 2017இல் அதே திசையில் ஒரு சட்டத்தை இயற்றியது. முதல் கல்லூரிப் பாடத்தில் தேறியோரின் விகிதம் இவ்விடங்களில் கூடியது.

காரணம் விளங்கக்கூடியதே. வேதியியல் படிக்க வந்த மாணவரிடம் ஆறு மாதம் பின்னம் மட்டும் சொல்லிக் கொடுத்தால், தாம் எதற்காக வந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோகும். செறிவுக் கணக்கு நடக்கும் வாரத்தில் விகிதத்தையும், அமிலம் காரம் நடக்கும் வாரத்தில் மடக்கையையும் கற்பித்தால், கற்றது அன்றே பயன்படுகிறது. வாரம் ஒரு மணி நேரத் துணை வகுப்பைப் பாடத்தோடு பிணைத்து நடத்த உங்கள் துறைத்தலைவரிடம் வாதாடுங்கள்.

துணை வகுப்புக்கு வரச் சொன்னால் மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள். என்ன செய்வது?

மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் 1973இல் டியானா மார்ட்டின் உருவாக்கிய முறை இதற்கு நல்ல விடை தருகிறது. பலவீனமான மாணவர் என்று எவரையும் அவர் பிரிக்கவில்லை. பலர் தோற்கும் பாடம் எது என்று பார்த்து, அந்தப் பாடத்தின் மாணவர் அனைவருக்கும் கூட்டுப்படிப்பு நேரத்தைத் திறந்துவிட்டார். அதே பாடத்தில் முன்பு தேறிய மூத்த மாணவர் ஒருவர் விரிவுரைக்கு மீண்டும் வந்தமர்ந்து, பின் அந்தக் கூட்டத்தை நடத்துவார். நன்றாகப் படிப்பவர்களும் வருவதால் அங்கே செல்வது எவருக்கும் தலைகுனிவாக இராது. சென்ற ஆண்டு ‘சி’ வாங்கித் தட்டுத்தடுமாறித் தேறியவர், எப்போதும் ‘ஏ’ வாங்கியவரைவிடச் சில வேளைகளில் நல்ல வழிகாட்டியாக அமைவார். எங்கே கால் இடறும் என்பது அவருக்கு நினைவிருக்கும்.

விரிவுரையை முற்றிலும் கைவிட வேண்டுமா?

வேண்டாம், ஆனால் இடைவிடாத விரிவுரையைக் கைவிட வேண்டும். 2014இல் ஸ்காட் ஃப்ரீமனும் அவர் குழுவினரும் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை மட்டும் நடந்த அறிவியல், கணித வகுப்புகளில் சராசரித் தோல்வி 33.8 விழுக்காடாகவும், மாணவர் செயல்படும் வகுப்புகளில் 21.8 விழுக்காடாகவும் இருந்தது. 2020இல் அதே துறையில் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, வாய்ப்புக் குறைந்த பின்னணியிலிருந்து வரும் மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான தேர்வு மதிப்பெண் இடைவெளி இத்தகைய வகுப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியது. இவை பெரும்பாலும் அமெரிக்க வகுப்புகள். நம் கல்லூரிகளின் எண்கள் வேறுபடக்கூடும். ஆயினும் திசை மாறும் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ‘நீங்களே கண்டுபிடியுங்கள்’ என்று புதியவர்களிடம் வெற்றுத்தாளை நீட்டுவது செயல்வழிக் கற்றல் ஆகாது. ஆஸ்திரேலியாவில் ஸ்வெல்லரும் கூப்பரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கணிதத்தைப் புதிதாகக் கற்போர் தீர்த்துக் காட்டப்பட்ட கணக்குகளைப் படித்தபோது, தாமே முட்டி மோதிக் கற்றவர்களைவிடக் குறைந்த நேரத்தில் நன்றாகக் கற்றார்கள். ஆகவே நான் முதல் கணக்கை ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்லிப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டாவதில் கடைசி இரு வரிகளை மாணவருக்கு விடுகிறேன். மூன்றாவதில் முதல் வரியை மட்டும் எழுதித் தருகிறேன். நான்காவது முழுவதும் அவர்களுடையது. எந்த மேசையில் எந்த வரியில் பேனா நிற்கிறது என்பதைச் சுற்றி வந்து பார்த்தால், அடுத்த வகுப்பில் எதை மீண்டும் சொல்ல வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் இதை எப்படிச் செய்வது?

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்திலிருந்து கையாண்ட முறைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. பதினைந்து நிமிட விளக்கத்திற்குப் பின் கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வியை நான்கு விடைகளோடு பலகையில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன் முடுக்கம் என்ன? ஒரு நிமிடம் எவரும் பேசாமல் சிந்திக்கட்டும். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் விரல்களை மார்புக்கு நேரே காட்டி விடையைத் தெரிவிக்கட்டும். அப்படிக் காட்டினால் அடுத்தவரைப் பார்த்து மாற்ற முடியாது. விடைகள் பிரிந்திருந்தால், தம்மிடமிருந்து மாறுபட்ட விடை சொன்னவரோடு இரண்டு நிமிடம் வாதிடச் சொல்லுங்கள். மறுபடி விரல்கள். பூஜ்யம் என்று முதலில் சொன்னவர்களில் பலர், ஈர்ப்பு அந்தக் கணத்திலும் நின்றுவிடவில்லை என்பதைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டு மாறியிருப்பார்கள். முதல் சுற்றிலேயே ஏறக்குறைய அனைவரும் சரியாகச் சொல்லியிருந்தால் கேள்வி எளிது, கடந்து செல்லுங்கள். பத்தில் இரண்டு பேர் மட்டுமே சரியென்றால் வாதத்தால் பயனில்லை. நீங்கள்தான் மீண்டும் விளக்க வேண்டும்.

வகுப்பில் தமிழில் விளக்கலாமா?

நம் மாணவர் ஒருவர் ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் படித்து, சிலர் இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்துக்கு முந்தைய புகுமுக வகுப்பையும் கடந்து, இடைநிலைப்பள்ளியில் மலாயில் அறிவியல் கற்று, தனியார் கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலைத் திறக்கிறார். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறி, 2009இல் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டு, 2016 முதல் இருமொழித் திட்டமாகச் சில பள்ளிகளுக்குத் திரும்பியதால், ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் வெவ்வேறு மொழியில் அறிவியல் கற்ற நிலை ஏற்பட்டது.

என் வகுப்பில் மலாய், சீன மாணவர்களும் இருக்கிறார்கள். பொது விளக்கத்தை நான் தமிழில் தொடங்கினால் அவர்கள் அந்த நேரத்தில் வெளியாள் ஆகிவிடுகிறார்கள். அது நியாயம் ஆகாது. குழுவாகக் கணக்குப் போடும்போதும், என் அறைக்கு ஐயம் கேட்க வரும்போதும் மாணவர் எந்த மொழியில் வேண்டுமானாலும் சிந்தித்துப் பேசட்டும்; எழுதி முடிக்கும் விடை மட்டும் தேர்வு மொழியில் இருக்கட்டும் என்பதே என் விதி. தமிழில் தெளிவாக வாதிட்டு முடித்த மாணவர், அதை ஆங்கிலத்தில் எழுதும்போது மொழியோடு மட்டுமே போராட வேண்டியிருக்கும். இல்லையெனில் மொழியோடும் கருத்தோடும் ஒரே நேரத்தில் போராட நேரும்.

துறைச்சொற்களை மாணவர்கள் எதிர்பார்ப்பதைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களைத் தடுக்கி விழச் செய்பவை கேள்வித்தாளின் சின்னஞ்சிறு இணைப்புச் சொற்கள்: முறையே, தவிர, குறைந்தபட்சம், இதிலிருந்து, எனக் கொண்டால். கேள்வியைப் படித்து ‘கொடுத்தது எது, கேட்டது எது, வைத்துக்கொள்ளச் சொன்னது எது’ என்று மூன்று வரி எழுதிய பிறகே கணக்கைத் தொடும் பழக்கத்தை முதல் மாதம் முழுவதும் கட்டாயமாக்குங்கள்.

மாணவர்கள் கேள்வியே கேட்பதில்லையே?

‘புரிந்ததா?’ என்று கேட்டால் ‘புரிந்தது, சார்’ என்ற விடைதான் வரும். வகுப்பு முடியும் முன் ஒரு துண்டுத்தாளில், பெயர் எழுதாமல், இன்று மிகவும் குழப்பமாக இருந்த ஒன்றை எழுதித் தரச் சொல்லுங்கள். மறுநாள் அவற்றில் இரண்டுக்கு விடை சொல்லித் தொடங்குங்கள்.

வேதியியலில் மோல் கணக்கு வந்ததும் பாதி வகுப்பு நின்றுவிடுகிறது. ஏன்?

வேதியியல் ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் பேசுகிறது. கண்ணால் காணும் பொருள் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இன்னொன்று, தாளில் எழுதும் குறியீடு மற்றொன்று. கிளாஸ்கோவைச் சேர்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991இல் இதை ஒரு முக்கோணமாக வரைந்து, ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் மூன்று முனைகளுக்கும் தாவும்போது புதியவர் எங்கே நிற்கிறோம் என்று அறியாமல் தவிக்கிறார் என்று விளக்கினார். நமக்கு அந்தத் தாவல் இயல்பாகிவிட்டது; அதனால்தான் நம் கண்ணில் படுவதில்லை.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் சமன்பாட்டை எழுதி, இரண்டு கிராம் ஹைட்ரஜனுக்கு எத்தனை கிராம் ஆக்சிஜன் தேவை என்று கேளுங்கள். ஒரு கிராம் என்று சொல்பவர்கள் சமன்பாட்டின் எண்களை எடையாகப் படிக்கிறார்கள். அந்த எண்கள் எண்ணிக்கையைக் குறிப்பவை: இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு. ஆக்சிஜன் மூலக்கூறு ஹைட்ரஜனைப் போலப் பதினாறு மடங்கு கனமானது என்பதால் 4 கிராம் ஹைட்ரஜனுக்கு 32 கிராம் ஆக்சிஜன் வேண்டும். இரண்டு கிராமுக்குப் பதினாறு. முதலில் வட்டங்களாக மூலக்கூறுகளை வரையச் செய்து, எண்ணி, அதன் பிறகே கிராமுக்குப் போனால் இந்தப் பிழை பெருமளவு மறைகிறது.

எண்ணிக்கையைத் தராசால் அளக்கும் வழிதான் மோல் என்று மாணவர் உணர வேண்டும். இடியப்ப மாவில் எத்தனை துகள் என்று எவரும் எண்ணுவதில்லை, நிறுத்துத்தான் எடுக்கிறோம்; 2019 மே 20 முதல் ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 பெருக்கல் பத்தின் 23ஆம் அடுக்குத் துகள்கள் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது, அத்தனை நீர் மூலக்கூறுகளின் பொருண்மை 18 கிராம். ஒரு சிறு குவளையில் 18 மில்லிலிட்டர் நீரை ஊற்றி மேசையில் வைத்துவிட்டு இதைச் சொல்லுங்கள்.

ஆய்வுக்கூட வகுப்பு இவர்களுக்கு உதவுகிறதா?

செய்முறைத் தாளை வரி வரியாகப் பின்பற்றுவதாக இருந்தால் உதவுவதில்லை. ஒரு லிட்டருக்கு 0.1 மோல் உப்புக் கரைசல் தயாரிக்கச் சொல்லும்போது, 5.85 கிராம் உப்பை ஒரு லிட்டர் நீரில் போடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். உப்பைக் குறைந்த நீரில் கரைத்து, கழுத்தில் கோடு போட்ட அளவுக் குடுவையில் ஊற்றி, கோடு வரை நீர் சேர்ப்பதே முறை. செறிவு என்பது கரைசலின் கனஅளவைக் கொண்டு சொல்லப்படுவது. தாளில் இதை எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, இரு வழிகளையும் வரைந்து ‘எது சரி, ஏன்?’ என்று ஆய்வுக்கூடத்திற்குள் நுழையும் முன் எழுதி வரச் சொல்லுங்கள்.

உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. வான் ஹெல்மாண்ட் ஐந்து ஆண்டு வளர்த்த வில்லோ மரம் ஏறக்குறைய 74 கிலோ கூடியது, மண்ணோ 60 கிராம்கூடக் குறையவில்லை என்ற செய்தி 1648இல் அச்சானது. மரத்தின் பொருண்மை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மண்ணிலிருந்து, நீரிலிருந்து என்ற விடைகளே அதிகம் வரும். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை மனப்பாடமாக எழுதுபவர்களும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடைச் சொல்லத் தயங்குவார்கள். வான் ஹெல்மாண்டும் நீர் என்றே முடிவு செய்தார். அதை மாணவரிடம் சொல்வது அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

மாலையில் வேலைக்குப் போகும் மாணவர்களிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

மலேசியத் தகுதி முகவத்தின் கணக்குப்படி கல்லூரிப் பாடத்தின் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். மூன்று கிரெடிட் பாடம் 120 மணி நேரம். பதினான்கு வாரப் பருவத்தில் வாரத்திற்கு எட்டரை மணி நேரத்திற்கும் சற்று மேல். வகுப்பும் ஆய்வுக்கூடமும் நான்கு மணி என்றால், மீதி நான்கரை மணி நேரம் மாணவர் தாமே தேட வேண்டியது. ஐந்து பாடம் எடுத்துக்கொண்டு, கடையிலோ பேரங்காடியிலோ இரவு பதினொரு மணி வரை நிற்பவருக்கு இந்தக் கணக்கை எவரும் முன்கூட்டியே சொல்வதில்லை. முதல் வாரத்தில் சொல்லிவிடுங்கள். அவரோடு அமர்ந்து வாரத்தின் மணிகளைத் தாளில் நிரப்புங்கள். சம்பளம் இல்லாமல் குடும்பம் நடக்காது என்றால், பாடங்களைக் குறைத்து ஒரு பருவம் நீட்டிப்பது தோற்று மீண்டும் கட்டணம் கட்டுவதைவிட மலிவு.

தோற்ற சோதனையை மீண்டும் எழுத அனுமதிப்பது நேர்மையாகப் படித்தவருக்கு அநீதி ஆகாதா?

இறுதித் தேர்வின் தரம் அனைவருக்கும் ஒன்றாக இருக்கும்வரை ஆகாது. பெஞ்சமின் புளூம் 1968இல் முன்வைத்த தேர்ச்சிக் கற்றல் கருத்தின்படி, மாறாமல் இருக்க வேண்டியது அடைய வேண்டிய அளவு. மாறக்கூடியது எடுத்துக்கொள்ளும் நேரம். பிழைகளுக்குக் காரணம் எழுதித் தந்த பிறகு, எண்கள் மாற்றிய கேள்விகளோடு மறுவாய்ப்பு கொடுக்கிறேன். காரணம் எழுதாதவருக்கு மறுவாய்ப்பு இல்லை.

மகள் இராப்பகலாகப் படிக்கிறாள். முதல் சோதனையில் தோற்றுவிட்டாள். துறையை மாற்றிவிடலாமா?

பெற்றோரிடமிருந்து வரும் இந்தக் கேள்வியில் உள்ள கவலையை நான் நன்கறிவேன். முதல் சோதனையை வைத்து முடிவெடுக்காதீர்கள். எப்படிப் படிக்கிறாள் என்று முதலில் பாருங்கள். குறிப்பேட்டை வண்ணப் பேனாவால் கோடிட்டு மீண்டும் மீண்டும் வாசிப்பது தெரிந்துவிட்டது போன்ற உணர்வைத் தரும். ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் நடத்திய சோதனைகளில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை மூடி நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். புத்தகத்தை மூடிவைத்து வெள்ளைத்தாளில் எழுதவும், தீர்த்த கணக்கை மூன்று நாள் கழித்துப் பாராமல் மீண்டும் போடவும் நான்கு வாரம் பழகட்டும். இரண்டாவது சோதனையில் ஏற்றம் தெரிந்தால் அதே வழியில் தொடரலாம்.

அப்படிப் படித்தும் அசைவே இல்லை, பாடத்தின் மேல் விருப்பமும் இல்லை என்றால், மாறுவதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கல்லூரியிலும் அபராதமின்றிப் பாடத்தைக் கைவிடக் கடைசி நாள் ஒன்று உண்டு. அதைப் பதிவாளர் அலுவலகத்தில் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்கு முன்பு உங்கள் மகளே விடைத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு விரிவுரையாளரைப் பார்க்கச் செல்லட்டும். நீங்கள் உடன் செல்ல வேண்டாம்.